ஒத்திகை மூச்சு

பிப்ரவரி 2

அக்கா,

நான்தான், கொசு. தபாலில் கடிதம் வந்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறாதே. இதுவரை யாரும் போகவில்லை. அடுத்தது நான்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் போனை அம்மா பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாப்பிடும்போதும் பாத்ரூமிலும் நெஞ்சுவலியைப் பற்றித் தேடிக்கொண்டே இருந்தேனாம். தேடினேன்தான். "பதினாறு வயதில் இதயம் நிற்குமா" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று வருகிறது. பார்த்து முடித்தவர்கள் என்ன செய்வது என்று எங்கேயும் போடவில்லை.

நான் பார்த்து முடித்துவிட்டேன். எக்ஸ்ரே, இசிஜி, எக்கோ, ரத்தம், ஒரு குழாயில் ஊதச் சொல்லி ஒரு சோதனை. எல்லாம் சுத்தம். டாக்டர் அம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டார். சீரியல்களுக்கு டப்பிங் பேசுகிறேன் என்றாள். அவ்வளவுதான், "அந்த அழற பொண்ணுக்குக் குரல் குடுக்கறது நீங்களா? என் வீட்டுல உங்களுக்கு ரசிகை இருக்காங்க" என்று ஆரம்பித்துவிட்டார். என் நெஞ்சை எல்லோரும் மறந்துபோனார்கள். கிளம்பும்போது மட்டும், பாப்பாவுக்குப் பரீட்சை பயம், வேறொன்றும் இல்லை என்றார். பாப்பாவாம்.

இது பயம் இல்லை அக்கா. பயந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு நிறைய அனுபவம். இது வேறு. மூச்சு உள்ளே போகிறது, கழுத்தெலும்புக்குக் கீழே வந்ததும் இழுப்பறை பாதியில் சிக்கிக்கொள்கிற மாதிரி நின்றுவிடுகிறது. பிறகு சின்னச் சின்னதாக இரண்டு உறிஞ்சல். தொண்டையில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு நீளமாக வெளியே போகிறது. அடுத்த மூச்சு வருவதற்குள் ஒரு இடைவெளி வருகிறது பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் மூச்சு விட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுவதில்லை. வேறு யாரோ விடப்போகிறார்கள், நான் காத்திருக்க வேண்டும் என்பது போல இருக்கிறேன்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அது என் மூச்சு மாதிரி இல்லை.

கீழ்வீட்டுத் தையல் அத்தை தன் போனில் உன்னோடு பேசிக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் பேசினால் என் மூச்சு எனக்கே திரும்பிக் கேட்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் கேட்கிறது. பதிலையும் அத்தை முகவரிக்கே போடு. நீ எழுதுவது தெரிந்தால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொள்வேன்.

உனக்கு எப்போதாவது இப்படி வந்ததுண்டா? கேலி செய்யாமல் சொல்.

கொசு


பிப்ரவரி 9

கொசுவே,

கேலி செய்யாமல் எப்படி எழுதுவது என்று யோசித்ததில்தான் இத்தனை தாமதம். சூயிங்கம்மை விழுங்கிவிட்டு, அது கல்லீரலைச் சுற்றிக்கொண்டது என்று உயில் எழுதியவள் நீ. உன் பென்சில் டப்பாவை எனக்கு எழுதி வைத்திருந்தாய். அதைக் கேட்டு வாங்காமல் விட்டது என் பெருந்தன்மை.

சரி, நிஜமாகக் கேட்டாய், நிஜமாகவே சொல்கிறேன். எனக்கும் வந்திருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் வரும். உன் அம்மா ஸ்டோர் ரூமை ஒலிப்பதிவு அறையாக்கி, சுவரெல்லாம் மெத்தையை நிறுத்தி, வாசலில் சிவப்பு பல்பு மாட்டினாளே, நினைவிருக்கிறதா? பல்பு எரிந்தால் நடக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, தும்மக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் பல்பு அணைந்த பிறகுதான் வந்து சொல்ல வேண்டும் என்பாள். நாம் இரண்டு பேரும் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே அவள் பிரசவ வலியில் கத்துவாள், புருஷனைப் பறிகொடுத்து அழுவாள், கழுத்தை நெரித்தால் வருகிற சத்தம்கூடப் போடுவாள். உனக்குக் கண்ணீர் வந்துவிடும், எனக்கு விக்கல் வரும். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருகிறதே, உன் வியாதி அந்த வகைதான்.

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். கண் இரண்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும், ஆனால் ஓரத்தில் யாரோ நிற்பது போல நிழல் தெரிகிறது என்பார். எத்தனை தடவை சோதிப்பது? கடைசியில் பவர் இல்லாத வெறுங்கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டேன். நிழல் போய்விட்டது என்று கைகொடுத்துவிட்டுப் போனார். உனக்கும் அப்படி ஒன்றை அனுப்பலாம் என்று பார்த்தால் நெஞ்சுக்குக் கண்ணாடி செய்வதில்லை. அதனால் காப்பியை நிறுத்து, மாலையில் நட, மார்பில் கைவைத்து வைத்துப் பார்ப்பதை விடு.

உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறாய். என்னோடு அவள் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் வேலைக்காக இந்த ஊருக்குக் கிளம்பியபோது உட்கார்ந்து அழுதாள், நான் "இது எத்தனாவது டேக்?" என்று கேட்டேன். தப்புதான் என்று நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். எனக்கு இன்னும் தெரியவில்லை கொசு, அது நிஜ அழுகையா இல்லையா என்று. அந்த வீட்டில் பிறந்துவிட்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

முதலில் ஒன்று. உன் அம்மா, உன் அம்மா என்று எழுதுவதை நிறுத்து. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான் மட்டும் போய் வாங்கி வந்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, கொட்டாவி கதை எனக்கு வேண்டாம். நேற்று நடந்ததைக் கேள். பள்ளிச் சீருடையின் ஓரம் பிரிந்துவிட்டது என்று தையல் அத்தையிடம் போயிருந்தேன். அவர்கள் மெஷினுக்கு எதிரே டிவி. அம்மா குரல் கொடுக்கிற அந்த வேற்றுமொழி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கதாநாயகி மாதக்கணக்காகச் சாகக் கிடக்கிறாள், ஆனால் தலை கலையவில்லை, உதட்டுச் சாயமும் போகவில்லை. அத்தை அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் அந்த சீரியலை இதற்குமுன் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அது உனக்குத் தெரியும்.

மகாராணி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் மூச்சு உள்ளே போய் நின்றது. இரண்டு உறிஞ்சல். டக். அதற்குப் பிறகுதான் அக்கா, அவள் வாயைத் திறந்தாள். மூச்சு உள்ளே போய் நின்றது. இரண்டு உறிஞ்சல். டக்.

முதலில் நான், பிறகு அவள். ஒரு தடவை இல்லை, அந்தக் காட்சி முடிகிற வரைக்கும். அத்தை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். "நீயும் கூடப் பேசறியா அம்மாவோட?" என்று கேட்டார்கள். நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மார்ச் இரண்டாவது வாரத்தில் மகாராணி இறந்துவிடுவாளாம், பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். அத்தை இப்போதே வருத்தமாக இருக்கிறார்கள். நான் பள்ளியிலிருந்து வரும்போது தினமும் சிவப்பு பல்பு எரிகிறது. அம்மா உள்ளே ஒத்திகையில் இருக்கிறாள். என் மூச்சைக் கேட்டு, அதை எடுத்து, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளோ என்று தோன்றுகிறது. அவளுக்கு வேறு எங்கிருந்து கிடைக்கும் இவ்வளவு சரியாக? மகாராணி நிறுத்தியதும் நானும் நின்றுவிடுவேன் என்று நினைக்கிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் பயமாக இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

கொசு


பிப்ரவரி 21

அன்புள்ள கொசு,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். ஒரு அம்மாவுக்குக் கண் சோதிக்கிற எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் மூச்சும் ஒரு நொடி நின்றது. அந்த அம்மா என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இப்போது சந்தோஷமா உனக்கு?

பிறகு உட்கார்ந்து யோசித்தேன், விடை கிடைத்துவிட்டது. வீட்டை விட்டு வரும்போது கோபத்தில் என் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன் அல்லவா? அது அதுவரை எங்கே நின்றது? ஒலிப்பதிவு அறையில், உன் கட்டிலை ஒட்டிய சுவரில். அந்த ஒரு சுவர் இப்போது மொட்டையாக இருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் சத்தம் போகாது, உன் தலைமாட்டுக்கு மட்டும் வரும். நீ படுத்துக்கொண்டு படிக்கிற ஆள். அம்மா உள்ளே மகாராணியின் மூச்சை ஒத்திகை பார்க்கப் பார்க்க, உன் காது உனக்குச் சொல்லாமலே அதை வாங்கி நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டது. டிவியில் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே டப்பிங் முடிந்துவிடும். அதனால்தான் முதலில் நீ, பிறகு அவள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, என் மெத்தைதான் குற்றவாளி.

இன்னொன்றையும் யோசி. மகாராணியின் கடைசிக் காட்சியைப் பேசி முடித்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், நீ இன்னும் அத்தை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறாய். அது எப்போது பதிவானது என்று ஹெட்போன் மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன். சின்ன வயதில் ஸ்டூடியோவுக்குப் போனால் நம் காதில் ஹெட்போனை மாட்டி, அம்மா குரலைக் கேட்க விடுவாரே, அந்த சவுண்ட் எஞ்சினியர்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறாராம்.

கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போடு. இன்றைக்கே.

அக்கா


மார்ச் 1

அக்கா,

கட்டிலை மாற்றிப் போட்டேன். உன் மெத்தை விளக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். நிஜமாகவே குறைந்தது. ஒரு நாள் முழுக்க என் நெஞ்சை நான் நினைக்கவே இல்லை. நன்றி என்று எழுதினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய், ஆனாலும் நன்றி.

அம்மாதான் இப்போது என்னைப் படுத்துகிறாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று பையில் சாவியைத் தேடுகிறாள். சாவி என் கையில் இருக்கிறது என்றால் இருக்கட்டும் என்று மறுபடியும் தேடுகிறாள். தண்ணீர்க் குடத்திலிருந்து துணி வாளி வரைக்கும் எல்லாம் என் தலையில்தான். படுக்கையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாள், படுத்தால் தொண்டைக்கு ஆகவில்லையாம். இருமல் வேறு. இத்தனை பண்ணிவிட்டு எனக்கு நடிப்பு என்கிறாள்.

முந்தாநாள் நான் ஒரு காரியம் செய்தேன். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. உன் விளக்கம் சரிதானா என்று பார்க்க அந்தச் சுவரில் காதை வைத்தேன். கேட்டது, நீ சொன்ன மாதிரியே. உள்ளே போய் நிற்பது, உறிஞ்சுவது, டக். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சும்மா என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கமும் நின்றது. நான் விட்டேன். அந்தப் பக்கமும் விட்டது. மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் நின்றது.

நான் காதை எடுத்துவிட்டேன் அக்கா. மறுபடியும் வைக்கத் தைரியம் இல்லை.

அம்மா வெளியே வந்ததும், தினமும் என்னதான் ஒத்திகை என்று கேட்டேன். "மகாராணியோட கடைசி சீன். நல்லா வரவே மாட்டேங்குது" என்றாள். அப்படியென்றால் அது இன்னும் பதிவாகவில்லை. நீ எழுதியது தப்பு. இன்றைக்கு வேதியியல் ஆய்வகத்திலும் எனக்கு வந்தது. அங்கே எந்தச் சுவர் இருக்கிறது, எந்த மெத்தை இருக்கிறது?

மாமாவிடம் கேட்டாயா?

கொசு


மார்ச் 5

கொசு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் போன் தையல் அத்தைக்கு வந்திருக்கும். இன்னும் அரை மணியில் கூப்பிடப்போகிறேன். ஆனாலும் எழுதுகிறேன், போனில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

மாமாவிடம் பேசினேன். மகாராணியின் கடைசிக் காட்சி டிசம்பரிலேயே பதிவாகிவிட்டது. அம்மா ஸ்டூடியோவுக்கு வரவில்லையாம், மாடி ஏற முடியவில்லை என்று வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினாளாம். அந்த மூச்சைக் கேட்டு அங்கே எல்லோரும் கைதட்டினார்களாம். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றார் மாமா. அதற்குப் பிறகு அம்மா எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

புரிகிறதா? இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த அறையில் பதிவு செய்ய எதுவுமே இல்லை.

கண் சரியாகத் தெரியாதவர்கள் எங்கள் கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? எழுத்துப் பலகையை முன்னாடியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் வேறு பலகையை மாட்டினால் முகம் விழுந்துவிடும். அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். என் வீட்டில் பார்க்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் மூச்சு கேட்டது.

பல்பு எரிந்தாலும் கதவைத் திற. அத்தையையும் கூட்டிக்கொண்டு போ.

அக்கா


மார்ச் 9

அக்கா,

அத்தை படியேறி வந்து என்னிடம் சொன்னபோது பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என்ன வேடிக்கை பார், நான் முதலில் மெதுவாகத் தட்டினேன். பழக்கம். அத்தைதான் என்னை நகர்த்திவிட்டுக் கதவைத் தள்ளினார்கள்.

மைக் உறையோடு மூலையில் கிடந்தது. ஒயர் எதிலும் செருகவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, ஸ்டூலை மார்போடு அணைத்து, அதன்மேல் குனிந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. அக்கா, அவள் விட்டுக்கொண்டிருந்தது என் மூச்சு. எத்தனையோ நாளாக நான் விட்டுக்கொண்டிருந்த அதே மூச்சு. "லைட்டு எரியுதே, கண்ணு தெரியலையா?" என்றாள், அதற்குள் நான்கு தடவை நிறுத்தினாள்.

அதே டாக்டரிடம் போனோம். அம்மா உள்ளே நுழைவதற்கு முன்னால் வாசல் பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்து தயார் செய்துகொண்டாள். உள்ளே போனதும் அப்படி ஒரு குரல், மணி மாதிரி. கொஞ்சம் அசதிதான் டாக்டர், இவள்தான் பயந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றாள். அவர் மனைவியின் நலம் விசாரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே சத்து மாத்திரை எழுத ஆரம்பித்தார். ஒரு வாக்கியம்கூட உடையாமல் பேசினாள் அக்கா. எப்படி முடிந்ததென்று எனக்குத் தெரியவில்லை. மேசைக்குக் கீழே அவள் விரல்கள் முழங்காலைப் பிடித்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை, நான்தான் பரீட்சை பயப் பாப்பா ஆயிற்றே. அதனால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மூச்சை விட்டுக் காட்டினேன். உள்ளே போய் நிற்பது, உறிஞ்சுவது, டக், அதற்கப்புறம் அந்த இடைவெளி. "தனியா இருக்கும்போது அம்மா இப்படித்தான் விடறாங்க. நான் இல்ல, அவங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுடைய சொந்த மூச்சை அவள் வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். டாக்டர் எழுந்து வந்து அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அப்புறம் நெஞ்சில் வைத்தார். ரொம்ப நேரம் அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

இதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலின் மிச்சமாம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும், உன் ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில். அம்மா முடியாது என்கிறாள். ஆபரேஷன் என்றால் தொண்டை வழியாகக் குழாய் விடுவார்கள், அது குரல் நாண்களுக்கு நடுவில் போகும், குரல் போனாலும் போகலாம் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் மறைத்தாள். "கொரலும் போயிட்டா நான் யாருடி?" என்று கேட்டாள்.

மகாராணி நேற்றுப் போய்விட்டாள். நான் பார்க்கவில்லை. அத்தையும் டிவியைப் போடவில்லை.

நீ வா அக்கா. எழுதாதே, வா.

கொசு


மார்ச் 24

கொசு,

நானும் அம்மாவும் இங்கே வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அத்தை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன்னை விட்டுவிட்டு வண்டியேறியதற்கு நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். இறுதித் தேர்வை விட்டுவிட்டு வந்து இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்ன செய்யப்போகிறாய்? திட்டிக்கொண்டே படி.

அம்மா என் அறையில் என் மெத்தையைச் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறாள். அந்த டேக் விஷயத்தை நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. காலையில் நான் தலைவாரிவிடுகிறேன். இழுக்காதே என்கிறாள். ஒன்றரை வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் அழும்போது இப்போது எனக்குத் தெரிகிறது, அவளுக்கு அழுவதற்கு மூச்சு போதவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நான்கு நாள் மறுத்துக்கொண்டேதான் இருந்தாள். நானும் கெஞ்சினேன், கத்தினேன், கண்ணாடிக் கடை முதலாளியம்மாவைக்கூடக் கூட்டி வந்து பேச வைத்தேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் எரிச்சலில் அம்மாவிடம், நீ இல்லாத இடத்திலும் சின்னவளுக்கு அந்த மூச்சு வருகிறது தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்லயுமா?"

"ஸ்கூல்லயும்தான். லேப்ல வந்துச்சாம்."

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் வியாதிக்கு அவள் அப்படிப் பயப்படவில்லை.

ஏப்ரல் 3 காலை. உனக்கு அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. இதயத்தை நிறுத்திவிட்டு, வால்வை மாற்றி, மறுபடியும் ஓட வைப்பார்கள். அதுவரை ஒரு இயந்திரம் அவளுக்காக வேலை செய்யும். பயப்படாதே என்று எழுத நினைத்தேன், எனக்கே பயமாக இருக்கிறது. முடிந்ததும் அத்தைக்குப் போன் செய்கிறேன். நீ பேச வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

பரீட்சை முடிந்து வந்ததும் அத்தை சொன்னார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீ போன் செய்தாயாம். அத்தை அழுதுகொண்டே சொன்னதால் முதலில் எனக்கு வேறு மாதிரி புரிந்து, படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. இருந்தாலும் நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும், நாளைக்கு எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

அம்மா கிளம்பியதிலிருந்து அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. உனக்கு எழுதவில்லை, உனக்கு இருக்கிற கவலை போதும் என்று. பழகியும் போயிருந்தது. வந்தால் சரி, அம்மா அங்கே விடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். உன்னிடம் மறைக்காமல் சொன்னால், அது வரும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இன்றைக்குக் கணக்குத் தாளில் மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை. வலி இல்லை, அடைப்பு இல்லை, எனக்கு அது தேவைப்படவே இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, முன்னால் இருக்கிற பெண் ரப்பரைத் தேடுகிறாள், எல்லாம் தெரிகிறது. நான் மட்டும் அதில் இல்லை. பேனா பாதி எண்ணில் நின்றிருந்தது. பயப்பட வேண்டும் என்று நினைத்தேன், பயமும் வரவில்லை. ஓரங்கள் இருட்ட ஆரம்பித்தன.

அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "விடுடி" என்றது. அவ்வளவுதான். நான் இதுவரை கேட்டிராத குரல். தொண்டை கிழிந்தது போல, காற்று பாதி சொல் பாதியாக. கண்காணிக்கிற டீச்சர் கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலி காலி. நான் விட்டேன். உள்ளே போனது, எங்கேயும் நிற்காமல் அடிவரைக்கும் போனது, நேராக வெளியே வந்தது. எத்தனை மாதமாகிவிட்டது அப்படி ஒரு மூச்சு விட்டு. டெஸ்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். டீச்சர் கேள்வித்தாள் கஷ்டமா என்று கேட்டார்.

பயம் என்று டாக்டர் சொன்னதையே நீயும் சொல்வாய். சொல். எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அந்தக் குரல் யாருடையது? அம்மாவின் எல்லாக் குரலும் எனக்குத் தெரியும். அது அவளுடையது இல்லை.

கொசு


ஏப்ரல் 5

என் கொசுக்குட்டி,

போனில் அத்தையிடம் அவசரமாகச் சொன்னேன், இப்போது நிதானமாக எழுதுகிறேன். உன்னிடமிருந்து கடிதம் இன்னும் வரவில்லை, பரீட்சை எப்படி எழுதினாய் என்றுகூடத் தெரியவில்லை.

நேற்றுக் காலைதான் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். என்னைக் கட்டில் பக்கத்தில் நிற்க விட்டார்கள். அந்த அறையில் எல்லோருக்கும் நாடித்துடிப்புதான் கவலை, எனக்கு மட்டும் குரல். அம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை. போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். பிறகு வந்தது. மணி மாதிரி இருந்ததே, அந்தக் குரல் இல்லை. முப்பது வருஷமாக எத்தனையோ பெண்களுக்குப் பேசியிருக்கிறாள், இந்தக் குரலில் யாருக்குமே பேசியதில்லை. கிழிந்து போய், பாதி வெறும் காற்றாக இருக்கிறது. நாளாக ஆகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள். அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள், வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

நெஞ்சு நன்றாக வேலை செய்கிறதாம். மூச்சு நேராகப் போய் நேராக வருகிறது, நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதட்டில் நீலம் இல்லை. ராத்திரி அம்மா படுத்துத் தூங்கினாள் கொசு, மல்லாந்து படுத்து.

அந்தப் புதுக் குரலில் அவள் முதலில் கேட்டது எனக்குப் புரியவில்லை. காதை வாயருகே கொண்டுபோனேன். "சின்னவ மூச்சு விட்டாளா?" என்று கேட்டாள். விட்டாள் அம்மா, அவளுக்கு என்ன, ஜோராக இருக்கிறாள் என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. நிறுத்திட்டா. எழுதிட்டிருந்தவ அப்படியே நிறுத்திட்டா. விடுடின்னு கத்தினேன்."

மயக்க மருந்து இறங்கும்போது எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நர்ஸ் சிரித்தார். இருக்கும். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா அதற்குப் பிறகு மூன்று தடவை கேட்டுவிட்டாள், உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று. அதனால் இதைப் பார்த்ததும் உடனே எழுது, அன்றைக்குக் காலையில் நீ எப்படி இருந்தாய்?

அக்கா